மழை வந்தால் வருகிறவர்

ஒரு மனுஷியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிடலாமா என்று என் ஆயுசில் எனக்குத் தோன்றியது ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஒரு கார் பார்க்கிங்கில், கெண்டைக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தபோது. ஆனால் கும்பிடவில்லை. கையில் சம்மட்டி இருந்தது.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. சைட்டில் நாங்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் மழை மேடம். ஆவடிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். வயது நாற்பதுக்குள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தால் மட்டும் கொஞ்சம் தாமதமாக வருவார், சர்ச் முடிந்து வர வேண்டுமே. மற்றபடி அவருடைய வீடு வாசல் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கொரட்டூர்க்காரன். கட்டட வேலையில் சைட் இன்சார்ஜ். இந்தத் தொழிலில் தலை நரைத்தவன். தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று கருவியே இல்லாமல் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு மிதப்பு உண்டு. அந்த மிதப்பை அந்த அம்மா பத்து ரூபாய்ப் பொரியை வைத்து இறக்கினார்.

வேலப்பன்சாவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் முதலாளி ஒரு வணிக வளாகம் கட்டினார். கீழே கடைகள், நடுவில் ஆபீஸ்கள், உச்சியில் சாப்பாட்டுக் கடைகள். டைல்ஸ் வியாபாரத்தில் முன்னுக்கு வந்த மனிதர். நல்லவர்தான். தீபாவளிக்கு எல்லோர் வீட்டுக்கும் துணி அனுப்புவார். ஆனால் அவர் சொன்னதற்கு மேல் ஒருத்தன் ஒரு செங்கல்லை மாற்றி வைத்தாலும் அடுத்த நாள் அவன் வேலையில் இருக்க மாட்டான். ஸ்டோர் கீப்பர் ஒருத்தன் அப்படித்தான் போனான், கதவுக்கு வேறு கலர் அடிக்கச் சொன்னதற்காக. அதை நான் என் கண்ணால் பார்த்தவன்.

ஆபீஸ் மாடிகளை வாடகைக்குக் கேட்ட கம்பெனி, தண்ணீரை மிச்சம் பிடிக்கிற கட்டடமாக இருந்தால்தான் வருவோம் என்று சொல்லிவிட்டது. அதற்காக ஒரு கன்சல்டன்ட்டை முதலாளி பிடித்திருந்தார். ஒப்புக்கொண்டு இரண்டு மாதம் ஆகியும் அந்த ஆள் சைட் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நல்ல ஏமாற்றுப் பேர்வழி போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் வானம் கறுத்துக் கொட்ட ஆரம்பித்தது. வேலையாட்கள் எல்லாம் ஷெட்டுக்குள் ஓடிவிட்டார்கள். நான் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வாட்ச்மேன் நனைந்துகொண்டே ஓடி வந்தார்.

"சார், சீக்கிரம் வா சார். ஒரு பொம்பள உள்ள பூந்துகினு பொரி தூவிகினு கீது. எதுனா வேண்டுதலா இன்னானு தெரில."

போய்ப் பார்த்தால், நட்ட நடு மைதானத்தில் ஒரு பெண். சுடிதாரை முழங்கால் வரை மடித்துவிட்டிருக்கிறார். செருப்பைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கைப்பிடியைத் தோளில் மாட்டியிருக்கிறார். தலையில் இன்னொரு பிளாஸ்டிக் கவர். கையில் ஒரு பை நிறையப் பொரி. ஒரு பிடி எடுத்துத் தூவுகிறார், அது போகிற போக்கைப் பார்த்துக்கொண்டே வெறுங்காலோடு பின்னால் நடக்கிறார். எனக்கு வந்ததே கோபம்.

"யாரும்மா நீ? இது என்ன கோயிலா குளமா? யாரைக் கேட்டு உள்ள வந்தே?"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சார், ரெண்டடி தள்ளி நில்லுங்க. தண்ணி போற வழியில நிக்கிறீங்க."

ஏன் தள்ளினேன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. தள்ளினேன். என் பூட்ஸ் இருந்த இடத்தைத் தாண்டிப் பொரி வரிசையாக ஓடியது. கல்யாண ஊர்வலம் மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக வளைந்து வளைந்து போய், ரோட்டோரக் கால்வாய்ப் பக்கம் மறைந்தது. அடேயப்பா! இரண்டு மாதமாக அந்த மண்ணை மிதித்துக்கொண்டிருந்தவன் நான். அங்கே ஒரு ஓடை இருப்பது எனக்குத் தெரியாது. வரைபடத்திலும் இல்லை.

அவர்தான் கன்சல்டன்ட் என்று அப்புறம் தெரிந்தது. "ரெண்டு மாசமா எங்க மேடம் போயிருந்தீங்க?" என்று கேட்டேன். "மழை வரலையே சார்" என்றார், ஏதோ சாதாரண விஷயத்தைச் சொல்கிற மாதிரி.

அதுதான் அவர். வெயில் அடிக்கும்போது அவரைச் சைட்டில் பார்க்கவே முடியாது. தூறல் விழுந்தால் எங்கிருந்தோ வந்து நிற்பார். மீட்டிங்கில் எதைக் கேட்டாலும், "மழைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் சார்" என்பார். முதல் தடவை அதைச் சொன்னபோது முதலாளி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். சிரிப்பை அடக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"வரைபடம் எப்பம்மா தருவே?" என்று முதலாளி கேட்டார்.

"இப்ப பார்த்தது சின்ன மழை சார். பெருசு ஒண்ணு பார்க்கணும்."

அந்தப் பெரிய மழைக்கு யார் காத்துக்கொண்டிருப்பது? எனக்கு வேலை ஓட வேண்டும். பள்ளமான நிலம் கிடைத்தால் மண் அடித்து ரோட்டுக்கு மேல் ஏற்றிவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பால பாடம். லாரி லாரியாக மண் கொண்டுவந்து கொட்டினேன். நிலம் மூன்றடி ஏறியது. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "சூப்பர்யா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெரிய மழை வந்தது. அவரும் வந்தார். ஏற்றிய மண்ணைப் பார்த்தார். பொரியை எடுத்துத் தூவினார். பொரி இந்தத் தடவை கால்வாய்ப் பக்கம் போகவில்லை. நேராகப் பின்பக்கம் ஓடி, எங்கள் நிலத்துக்குப் பின்னால் இருந்த தெருவில் இறங்கியது.

"பாருங்க சார், எல்லாம் பின் தெருவுக்குப் போகுது."

"போகட்டுமே மேடம். நம்ம சைட் காய்ஞ்சு கிடக்குது பாருங்க!" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "அங்க பன்னெண்டு வீடு இருக்கு சார். எண்ணிட்டுத்தான் வந்தேன்" என்றார்.

அடுத்த மீட்டிங்கில் பின்பக்க மண்ணை எடுக்கச் சொன்னார். மூன்றடியையும் எடுத்துவிட்டு, இன்னும் ஒன்றரை அடி தோண்டச் சொன்னார். கட்டடம் மேலே நிற்கட்டும், முன்பக்கம் மேடாக இருக்கட்டும், பின்பக்கக் கார் பார்க்கிங் மட்டும் பள்ளத்தில் இருக்க வேண்டும். அடியில் ஜல்லியும் மணலும். மேலே இடைவெளி விட்ட கல், இடைவெளியில் புல். நடுநடுவே நிலத்தடிக்குத் தண்ணீர் இறங்கும் கிணறுகள். நிரம்பி வழிந்தால் முன்பக்கக் குழாய் வழியாகக் கால்வாய்க்குப் போய்விடும். முதலாளி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"இன்னாம்மா, கஸ்டமர் காரை வுடற எடத்துல கொளம் வெட்டச் சொல்றே?"

"வருஷத்துல நாலஞ்சு நாள்தான் சார் குளம். மிச்ச நாள் எல்லாம் பார்க்கிங். வர்ற கோடையில உங்களைச் சுத்தி இருக்கிறவங்க எல்லாம் லாரித் தண்ணிக்கு நிப்பாங்க. உங்க போர்ல தண்ணி இருக்கும்."

லாரித் தண்ணீர் என்றதும் முதலாளி உட்கார்ந்துவிட்டார். அவருடைய அம்பத்தூர் ஆபீஸில் ஒவ்வொரு கோடையிலும் அந்தக் கூத்து நடப்பது ஊருக்கே தெரியும்.

கடைசியாக மேடம் கேட்டது பின்சுவரில் நாலு ஓட்டை. தரையை ஒட்டி, ஒவ்வொன்றும் ஒரு முழ அகலம், கம்பி வலை போட்டு. பின் தெருத் தண்ணீர் காலங்காலமாக இந்த நிலத்தின் வழியாகத்தான் கால்வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. சுவர் எழுப்பிவிட்டால் அதற்குப் போக வேறு வழி கிடையாது. "தண்ணி வேணும்னுதானே போர் போடுறீங்க. அது தானா வீடு தேடி வருது, கதவைச் சாத்தாதீங்க சார்" என்றார். முதலாளி அரை மனசாகத் தலையாட்டினார். கொட்டின மண்ணை நானே ஆள் வைத்து அள்ளினேன். அந்த ஒரு மாதம் என் மனைவிகூட என்னோடு பேசப் பயந்தாள். அவ்வளவு எரிச்சல் எனக்கு.

எரிச்சல் எப்போது மரியாதையாக மாறியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அம்பத்தூர் ஆபீஸில் நடந்ததாக இருக்கலாம். கட்டடத்துக்குள் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகும் என்று கணக்குப் போட அங்கே போயிருந்தோம். மற்ற கன்சல்டன்ட் என்றால் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, காபி குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பான். இவர் கழிவறை வாசலில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, துப்புரவு செய்கிற அக்காவோடு அரை நாள் பேசிக்கொண்டிருந்தார்.

"எந்தக் குழாய்லக்கா தண்ணி பிடிப்பீங்க?"

"கொயாலாம் புடிக்க மாட்டேன் மேடம். மேல ஏசி தண்ணி சொட்டிகினே கீதுல்ல, அதுக்கு அடியில பக்கெட்ட வச்சிருப்பேன். அதுலயே மூணு மாடிக்கும் மாப்பு போட்டுருவேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, திட்டுவாங்க."

அடுத்த மீட்டிங்கில் ஏசித் தண்ணீரை எல்லாம் ஒரே குழாயில் சேர்த்து, தரை துடைக்கவும் கழிவறைத் தொட்டிக்கும் விடுகிற திட்டத்தைப் போட்டுக் காட்டினார். அருமையான திட்டம். வாடகைக் கம்பெனிக்காரர்கள் கைதட்டினார்கள். இவர் உடனே, "இது என்னோடது இல்லைங்க. அம்பத்தூர் ஆபீஸ்ல கிளீன் பண்ற அக்காவோட யோசனை. அவங்க பேரையும் வரைபடத்துல போட்டிருக்கேன்" என்றார். பார்த்தேன். மூலையில் அந்த அக்காவின் பெயர் இருந்தது. என்னுடைய இத்தனை வருஷ சர்வீஸில் எந்த வரைபடத்திலும் நான் அப்படி ஒரு பெயரைப் பார்த்ததில்லை. எங்கள் பெயரையே போட மாட்டார்கள்.

முன்பக்கத்தில் முதலாளி புல்வெளியும் நீரூற்றும் கேட்டார். "புல்லு தினம் குடிக்கும் சார், உங்க டிரைவர் மாதிரி" என்று மேடம் சொல்லிவிட்டார். டிரைவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான், பாவம். முதலாளி விழுந்து விழுந்து சிரித்ததில் நீரூற்று போயே போய்விட்டது. அந்த இடத்தில் அழுக்குத் தண்ணீரிலும் வளர்கிற கல்வாழையும் வெட்டிவேரும் வைத்து, சாப்பாட்டுக் கடைகளில் கை கழுவுகிற தண்ணீரை அதற்குத் திருப்பினார்.

வேலை முடிகிற சமயம், பார்க்கிங் தூணில் கெண்டைக்கால் உயரத்துக்குச் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டார். "எவ்வளவு பெரிய மழை வந்தாலும் தண்ணி இதுக்கு மேல ஏறாது."

"வாயால சொன்னா எப்படி மேடம், கையெழுத்துப் போடுங்க" என்று சீண்டினேன்.

பிரஷை இன்னொரு தடவை தொட்டுக் கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டார். என்ன தைரியம்! மழையை யார் அளந்து வைத்திருக்கிறார்கள்?

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது முதலாளி கட்டடத்தைச் சுற்றி வந்தார். பின்சுவரிடம் வந்ததும் முகம் மாறிவிட்டது.

"இன்னாய்யா இது, எலிப் பொந்து மாதிரி? பின் தெருத் தண்ணி எல்லாம் நம்ம பார்க்கிங்ல வந்து நிக்கணுமா? கஸ்டமர் காறித் துப்ப மாட்டான்?"

"மேடம் டிசைன் சார். நீங்களும் சரின்னீங்க."

"அப்ப சரின்னேன். இப்ப வேணான்றேன். அடைச்சிடு."

சரி சார் என்றேன். வேறு என்ன சொல்வது? பெண்ணை அந்த வருஷம்தான் காலேஜில் சேர்த்திருந்தேன். எனக்கு அப்போதே ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஸ்டோர் கீப்பர் போன வழியில் போனால் புதிதாக யார் எனக்கு வேலை கொடுப்பார்கள்? மறுநாள் காலையிலேயே நாலு ஓட்டையையும் செங்கல் வைத்து அடைத்து, பூசி, பெயின்ட்டும் அடித்தாயிற்று. அடைத்த தடமே தெரியவில்லை. அந்தப் பூச்சில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது, தெரியுமா.

மேடத்திடம் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே போன் பண்ணினார். "பின்சுவர் எல்லாம் ஓகேதானே சார்?"

"எல்லாம் ஓகே மேடம்."

விழா நடந்தது. பத்து நாள் கழித்து மழை பிடித்தது. விடியற்காலையில் ஆரம்பித்தது, மத்தியானம் ஆகியும் விடவில்லை. முதலாளி குடும்பத்தோடு திருப்பதி போயிருந்தார். பாதிக் கடைகள் திறக்கவில்லை. வேலையாட்கள் யாரும் வரவில்லை. நானும் வாட்ச்மேனும்தான் இருந்தோம். மழை மேடம் வந்து இறங்கினார், தலையில் பிளாஸ்டிக் கவரோடு. பார்க்கிங்கில் கணுக்கால்கூட நனையாமல் நடந்து பின்சுவருக்குப் போனார். அந்த மழைக்கு அங்கே தண்ணீர் நிற்க வேண்டும். இல்லை. குனிந்து சுவரைக் கையால் தடவினார்.

"இங்க நாலு ஓட்டை இருந்துச்சே சார்?"

"முதலாளி அடைக்கச் சொன்னாரு மேடம்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைத் தாண்டிக் கேட்டுக்கு வெளியே போய், சுற்றிக்கொண்டு பின் தெருவுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

தெருவில் முழங்கால் தண்ணீர். சுவரை ஒட்டிய வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிற ஒரு அக்கா இருந்தார். எங்கள் ஆட்கள் அவரிடம்தான் மாவு வாங்குவார்கள். வாசற்படி மூன்று. இரண்டு முழுகிவிட்டன. மூன்றாவது படியின் விளிம்பில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அந்த அக்கா முறத்தால் தண்ணீரைத் தள்ளித் தள்ளிவிடுகிறார், தள்ளினது திரும்பி வருகிறது. உள்ளே கட்டிலில் அவருடைய மகள், பிரசவத்துக்கு வந்தவள், குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறந்து பதினோரு நாள்தான் ஆகிறதாம்.

"அண்ணாத்தே, அந்தச் செவுத்த இன்னா பண்ணீங்க? எத்தினி மய பேஞ்சாலும் தண்ணி அப்பால போயிடும். இன்னிக்கி நின்னுகினே கீது. பச்ச ஒடம்புக்காரிய தூக்கிகினு நான் எங்க போவேன்?"

 மேடம் பையிலிருந்து ஒரு பிடி பொரியை எடுத்துச் சுவரோரம் தூவினார். பொரி எங்கேயும் போகவில்லை. சுவரில் முட்டி, அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அடைத்தவன் நான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஓடினேன். ஸ்டோரிலிருந்து சம்மட்டியையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு பார்க்கிங் பக்கமாக வந்தேன். நான் அடைத்த இடம் எனக்குத் தெரியாதா? கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முதல் ஓட்டையில் ஏழெட்டு அடி விழுந்ததும் செங்கல் உள்ளே பெயர்ந்து, தண்ணீர் என் முழங்காலில் வந்து மோதியது. விழப் போனேன். வாட்ச்மேன் "சார், வோணாம் சார், மொதலாளி கொன்னுடுவாரு சார்" என்று கத்திக்கொண்டே என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார், நான் விழாமல் இருப்பதற்காக. நாலையும் உடைத்தேன். மேடம் சுற்றிக்கொண்டு வந்து ஓரமாக நின்றார். திறந்திருந்த கடைக்காரர்களைக் கூப்பிட்டு, அங்கே நின்றிருந்த நாலைந்து கார்களையும் முன்பக்க மேட்டுக்கு ஏற்றவைத்தார்.

தண்ணீர் வந்தது பாருங்கள்! நாலு வாயாலும் கலங்கலாகப் பாய்ந்து, கல் இடைவெளிகளில் குபுகுபுவென்று குமிழி விட்டுக்கொண்டே இறங்கியது. இறங்க இறங்க ஏறவும் செய்தது. கணுக்கால், அதற்கு மேல், கெண்டைக்கால். தூணில் இருந்த சிவப்புக் கோட்டை நெருங்கியது.  உள்ளே கடைகளில் தண்ணீர் போய்விட்டால் என் கதி என்ன? கோட்டுக்கு நாலு விரற்கடை கீழே வந்தது. அப்படியே நின்றுவிட்டது. முன்பக்கக் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. மழை மட்டும் பெய்துகொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன், ஒரு விரல்கூட ஏறவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மாவுக்கார அக்கா, "எறங்கிடுச்சு! ரெண்டாவது படி தெரியிது!" என்று கூவினார். யாரோ ஒரு மனுஷி பேப்பரில் வரைந்ததற்கு இவ்வளவு பெரிய மழை கட்டுப்பட்டு நிற்கிறது.  கும்பிடத் தோன்றியது அப்போதுதான்.

அப்போது என் போன் அடித்தது. முதலாளி.

"பின்செவுரு ஒடைஞ்சிருக்காமே. யார்யா ஒடைச்சது?"

சம்மட்டி என் கையில் இருக்கிறது. குனிந்து அதையே பார்த்தேன். முதலாளியின் குரல் மேடத்துக்கும் கேட்டிருக்கிறது, என் முகத்தைப் பார்த்தார். கையை நீட்டி என் காதிலிருந்து போனை வாங்கினார்.

"சார், நான்தான் உடைச்சேன். இவர் வேணாம்னுதான் சொன்னாரு. நான் கேக்கலை" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அந்தம்மா சொல்றது நெஜமாய்யா?" என்று முதலாளி கேட்டார்.

மேடம் என் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். கல்லூரிக்குப் போகிற என் பெண்ணின் முகம் கண்ணுக்குள் வந்தது என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். அதுகூட வரவில்லை. பயம் ஒன்றுதான் இருந்தது. "ம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார், சரிதான் என்கிற மாதிரி. பொரிப் பையில் மிச்சம் இருந்ததை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, மழையோடு மழையாகப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். அதற்கப்புறம் முதலாளி அவரைக் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை பார்க்கிங்கில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எல்லாம் நிலத்துக்குள் போய்விட்டது. அந்தக் கோடையில் அந்த ரோடு முழுக்க லாரித் தண்ணீருக்கு நின்றது, எங்கள் போர் வற்றவில்லை. ஓட்டைகளை முதலாளி மறுபடி அடைக்கச் சொல்லவே இல்லை. ஆளை வைத்து அழகாகக் கம்பி வலை போடச் சொன்னார். பக்கத்துக் காலேஜ் பிள்ளைகள் கும்பலாக வந்து பார்க்கிறார்கள். நான்தான் சுற்றிக் காட்டி விளக்கம் சொல்கிறேன். தூணில் இருக்கிற கையெழுத்து யாருடையது என்று கேட்பார்கள். சொல்கிறேன். அதை மட்டும் விடாமல் சொல்கிறேன்.

இரண்டு தடவை மேடத்துக்குப் போன் பண்ணினேன், மன்னிப்புக் கேட்கத்தான். ஒரு தடவை எடுத்தார். பின்னணியில் ஒரே இரைச்சல். "இங்க நல்ல மழை சார், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். கோபத்தில் வைத்ததாகத் தெரியவில்லை. எந்த ஊரில், யாருடைய நிலத்தில் நின்றுகொண்டிருந்தாரோ.

அதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. இந்த வருஷம் பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் முதலாளி இன்னொரு வளாகத்துக்கு இடம் வாங்கியிருக்கிறார். போன வாரம் அந்த இடத்தைப் பார்க்கப் போனோம். ரோட்டோரக் கடையில் டீ சொன்னார். எனக்கு மனசு தாங்கவில்லை.

"இதுக்கும் அந்த மேடத்தையே கூப்பிடலாம் சார்."

"செவுத்த ஒடைச்சுதே, அந்தம்மாவா? வோணாம்யா."

மூன்று வருஷமாகத் தொண்டையில் நின்றது ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது. "அதை உடைச்சது அவங்க இல்ல சார். நான்தான் உடைச்சேன். எனக்காக அவங்க மேல போட்டுக்கிட்டாங்க. நான் பயந்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டேன்."

வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவர் டீயை ஊதிக் குடித்தார்.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா சார்?"

"பார்க்கிங்ல மாட்டின கேமரா என் போன்ல தெரியுதேய்யா. திருப்பதி மலை மேல உக்காந்துகினு பாத்துகினேதான் இருந்தேன். நீ மடேர் மடேர்னு அடிக்கிறே, அந்தம்மா ஓரமா நிக்குது. பாத்துட்டுத்தான் போனே போட்டேன்."

"அப்புறம் ஏன் சார் யார் உடைச்சதுன்னு கேட்டீங்க?"

"நீ இன்னா சொல்றேன்னு பாக்கத்தான்" என்றார். "நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீன்னு வெச்சுக்கோ, அன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பிச்சிருப்பேன். அந்தம்மா மாதிரி ஆளுங்க மனசுக்குப் பட்டத செய்யும், நமக்கு ஒத்து வராது. நீ ‘ம்’னே பாரு, அப்ப முடிவு பண்ணேன், இவன் நம்ம ஆளுன்னு. அதாலதான் உன்ன இன்னமும் வெச்சிகினு கீறேன்."

சொல்லிவிட்டு என் முதுகில் தட்டிக் கொடுத்தார். பாராட்டாகத்தான் சொன்னார்.